ஒரு மூடி, ஐந்து லிட்டர்

புட்டியின் மேல் எழுதியிருப்பது இவ்வளவுதான்:
ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி.
எந்தக் கடல், எந்தப் பாறை,
யார் இழுத்தார்கள் என்றெல்லாம் இல்லை.

எனக்குத் தெரியும்.
கிங் தீவின் மேற்குக் கரையில்
புயல் அடங்கிய மறுநாள்
கார்த் லவெல் தன் லாரியைப்
பின்புறமாகவே ஓட்டிவந்து அலையோரம் நிறுத்துவான்.
தோல்வார் போலக் கனத்த கடற்பாசி,
மூன்று ஆள் நீளம்.
கயிறு கட்டி, உருளையில் சுற்றி
வழுக்குப் பாறைமேல் இழுக்க வேண்டும்.
ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு இழுத்திருக்கிறேன்.
கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்
பத்து விரலும் வேறு யாருடையவோ.

அங்கேதான் பார்த்தேன்:
கடற்பாசிக்கு வேர் கிடையாது.
அடியில் ஒரு பிடி, அவ்வளவே.
அது உறிஞ்சாது, உண்ணாது.
பற்றிக்கொள்வது ஒன்றே அதன் வேலை.
சிலநேரம் அலை பிய்த்தெறிந்த பாசியின் பிடிக்குள்
ஒரு ரொட்டி அளவுக்குக் கல் இருக்கும்.
விட்டது பாறைதான்.
கார்த் கோடரியின் முதுகால் ஓங்கி அடித்துக்
கல்லைக் கழற்றி எறிவான்.
எடை போடுகிறவர்கள்
கல்லுக்குக் காசு தரமாட்டார்கள்.

இப்போது லான்செஸ்டனில்
மருத்துவமனை நான்காம் மாடியில் இரவுத் துப்புரவு.
வீட்டுக்குப் போனவர்களும்
போகாதவர்களும் விட்டுச்சென்ற ஆர்க்கிட் தொட்டிகள்
விடியும் முன் என் குப்பைப் பைக்கு வரும்.
இது வந்தபோது
பூ உதிர்ந்த காம்பில் ஒரு பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி,
அட்டையில் ‘எழுந்து வா ஹெக்டர்’.
ஹெக்டர் எழுந்தாரா என்று கேட்க
பகல் ஷிஃப்டில் எனக்கு யாரையும் தெரியாது.

வீட்டில் தொட்டியைக் கவிழ்த்தேன்.
வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை.
உருவினால் தோல் நனைந்த காகிதமாய்க் கழன்று வந்தது.
உள்ளே நூல்.
கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி
ஒவ்வொன்றாக வெட்டி
வெட்டுவாயில் இலவங்கப்பட்டைப் பொடி வைத்தேன்.
மிஞ்சியது மூன்று இலை, ஒரு கட்டை.

முதல் வாரம் அவசரத்தில் மூன்று மூடி ஊற்றினேன்.
இலைநுனி கருகியது.
பிறகு புட்டி சொன்னபடி கேட்டேன்:
ஒரு மூடி. இருபது நிமிடம். வடித்துவிடு.
துணி துவைக்கும் அறை முழுக்கக் கடல் வாடை,
தலையணை உறையில்கூட.

ஒன்பது வாரம் ஒன்றுமில்லை.
பத்தாவதில்
தீக்குச்சித் தலை அளவு பச்சை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
பக்கத்துத் தொட்டிக்கு வெறும் தண்ணீர்தான்.
அது நான்கு நாள் முந்திக்கொண்டது.
எதன்மேலும் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் இந்த வேர்
தனக்கென்று விரித்த ஈரப் பஞ்சைச் சீண்டவில்லை.
தொட்டி விளிம்பேறி
வெறுங்காற்றில் ஒரு விரற்கடை நடந்து
ஜன்னல் திரையின் மரப்பட்டையைத் தொட்டது.
தொட்டதும் தட்டையானது. ஒட்டிக்கொண்டது.
வெள்ளியும் பச்சையுமாய்
பட்டை நெடுக ஒரு சாண்.
நான் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

செப்டம்பரில் வாடகைக் கெடு முடிந்தது.
பெட்டிகள் கட்டியாயிற்று.
வேரை நகத்தால் நெம்பினேன்.
தோல் மரத்தோடு தங்கும், நூல் கையோடு வரும்.
தெரிந்ததுதானே.
கோடரி முதுகின் சத்தம் ஒருமுறை கேட்டது,
டப்.
இழுப்பறையில் ஸ்க்ரூடிரைவர் தேடினேன்.

வீட்டுத் தரகர் திருமதி பாஸ்கோ
அறை அறையாய்ப் பார்த்து எழுதினார்:
மெரின் டல்லக், இரண்டாம் எண்.
அடுப்பு சுத்தம். சுவர் பரவாயில்லை.
திரையில் ஒரு பட்டை காணவில்லை.
முன்பணத்தில் நாற்பது டாலர் கழித்தார்.
ஏன் என்று கேட்டார்.
உடைந்துவிட்டது என்றேன்.

புதிய வீட்டுச் சமையலறையில்
பட்டை சுவரில் சாய்ந்து நிற்கிறது,
செடி அதன் அருகே, கைபிடித்த மாதிரி.
ஞாயிறு காலை ஒரு மூடி, ஐந்து லிட்டர்.
கடைசியில் மிஞ்சுவதை
மரத்துக்கும் தெளிக்கிறேன்.
அது துளிர்க்காது, தெரியும்.